துண்டுப் பலகையும் தேசவழமையும்: காங்கேசன்துறை மாடிப்படி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

தொல்காப்பியர் எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் அதிகாரம் வகுத்தார், மாடிப்படிக்கு வகுக்கவில்லை. அதைக் குறையென்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்து வீடும் நெடுங்காலம் மாடி ஏறாமலே இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, முன்னால் திண்ணை என்று நாற்சார் வீடு தரையிலேயே பரந்து கிடந்தது. ஓடு மாற்ற ஏணி வைத்தால் போதும். படி என்றால் வாசற்படி, கேணிப்படி, கோயிற்படி. இம்மூன்றிலும் கம்பளம் விரிக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே கம்பளம் ஒட்டிய மாடிப்படியைப் பழைய வைரமரத் துண்டுகளால் மூடும் முறைக்கு முன்னோர் நூல் எதுவும் கைக்கெட்டாமையால், இவ்வாய்வு தானே முதனூலாகி, தானே வழிநூலுமாகி, தனக்குத் தானே உரையும் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆய்வுக்களம், காங்கேசன்துறையில் மீள்குடியேறிய ஒரு வளவில் புதிதாய் எழுந்த மாடிவீடு. எல்லை: வடக்கே கடல், மேற்கே கீரிமலை, தெற்கே மாவிட்டபுரம், உள்ளே மாமி. கொங்கிறீற்றில் வார்த்த பதினேழு படிகள். மனையடி பார்ப்பவர் விரும்பும் ஒற்றை எண். ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம், 11 அங்குல அகலம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா பிளொண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் மனிதர் எட்டி வைக்கும் அடியைக் கருதி, இரண்டு படியுயரமும் ஒரு மிதியகலமும் சேர்ந்து 24 பிரெஞ்சு அங்குலம் வரவேண்டும் என்று விதி செய்தார். நம் அங்குலத்தில் அது ஏறத்தாழ இருபத்தைந்தரை. எங்கள் மேசன் பிளொண்டெலைப் படித்தவரல்லர்; என்றாலும் இருபத்தைந்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்த அரை அங்குலப் பிணக்கில் நான் மேசன் பக்கம்.

கம்பள காண்டம்

காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலால் காங்கேசன்துறை ஆயிற்று என்பது ஐதீகம். அதன்பின் இத்துறைக்கு வந்திறங்கியவற்றுள் இவ்வாய்வுக்கு வேண்டியது ஒன்றே: லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பிய கம்பளம். (அது கொழும்பில் இறங்கி லொறியில் வந்தது என்று இவ்வரியைத் திருத்த முயன்ற மனைவியின் குறிப்பு ஏற்றுக்கொள்ளப்படவில்லை.)

லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கள் சனத்தின் வீடுகளில் மாடிப்படிக்குக் கம்பளம் இருப்பது வழமை. அங்கே அதற்கு நியாயம் உண்டு. குளிர், மரப்படி போடும் கிறீச் சத்தம், ஒரே சுவரைப் பங்குபோட்ட பக்கத்து வீட்டுக்காரர். இங்கே குளிர் இல்லை. கொங்கிறீற் சத்தம் போடாது. பக்கத்து வீட்டுக்காரர் அப்போது திரும்பி வந்திருக்கவில்லை. மூன்று காரணங்களும் இல்லாத இடத்தில் காரியம் மட்டும் தனியே வந்து சேர்ந்ததைத் தருக்க நூலார் எப்படி விளக்குவார்களோ தெரியாது. மாமி விளக்கினார்: "பெடியன் ஆசைப்பட்டு அனுப்பினது. ஒட்டிவிடுங்கோ."

காங்கேசன்துறையில் கம்பளத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை இரண்டு காற்றுகள். சோளகம் தூசியைக் கொண்டுவந்து அதன் மயிர்க்கால்களுக்குள் இறக்கும். வாடை ஈரத்தையும் உப்பையும் கொண்டுவந்து அந்தத் தூசியைக் குழைக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் வீட்டுச் சனம் கிணற்றடியில் கால் கழுவி, துடைக்காமல், வெறுங்காலோடு ஏறும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவது துப்புரவுக்கு நல்லது. கம்பளத்துக்கு அதுவே எமன். ஈரக்கால் ஏறிய கம்பளம் மார்கழியில் ஒரு மணம் மணத்தது. வீட்டு நாய் அதை நன்கு புரிந்துகொண்டு ஐந்தாம் படியைத் தன் நிரந்தர வதிவிடமாக ஆக்கிக்கொண்டது. ஒட்டச் சொன்ன மாமியே ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே நின்று கேட்டார்: "உதென்ன கோதாரி மணம், தம்பி? ஆட்டுக்கொட்டில் மாதிரியெல்லோ கிடக்கு."

இதிலிருந்து மூன்று கொள்கைகள் பிறந்தன. மாபிள் வாதிகள், அதாவது என் மனைவியும் அவரது தங்கையும், கம்பளத்தைக் கிழித்துவிட்டு மாபிள் பதிக்கவேண்டும் என்றனர். ஈரக்காலும் மாபிளும் ஓரிடத்தில் சந்தித்தால் விளைவது என்ன என்று கேட்டபோது, தெல்லிப்பழை ஆஸ்பத்திரி கிட்டத்தானே என்று விடை வந்தது. சும்மாயிருப்பே சுகம் என்பது என் மாமனாரின் கொள்கை; அது சித்தாந்தத்துக்குப் பொருந்தும், படிக்குப் பொருந்தாது. மூன்றாவது மரவாதம். வீட்டின் பின்பக்கம் ஓலைக்கொட்டிலுக்குள் பழைய மரத்துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் எங்கேயோ வெட்டி மிஞ்சியது, கழற்றி மிஞ்சியது, இடிபாட்டில் மிஞ்சியது. எறிய மனம் வரவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. இதைச் சைவ நூலார் சஞ்சிதம் என்பர்: முன்வினை குவிந்து கிடப்பது. அதிலிருந்து இப்பிறவிக்கென எடுத்துப் புசிப்பது பிராரத்தம். அப்படிப் புசிக்கும்போது புதிதாய் ஏறுவது ஆகாமியம். துண்டுகளை எடுத்துப் படிக்கு அறுத்தால் இன்னும் சிறிய துண்டுகள் மிஞ்சி அதே கொட்டிலுக்குப் போகும் என்பதால், இக்கோட்பாடு மரவேலைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் படித்தவர்கள் உணர்வார்கள்.

கம்பளத்தை உரிக்காமல் அதன் மேலேயே பலகையைத் திருகிவிடலாம் என்று ஓர் உட்கட்சி இருந்தது. மெத்தென்று இருக்கும், வேலையும் குறைவு என்பது அவர்கள் வாதம். சோதனைக்காக, மரவேலைக்கு அழைத்திருந்த ஆசாரியார் கம்பளத்தின் மேல் துறப்பண இயந்திரத்தை வைத்து அழுத்தினார். முனை கொங்கிறீற்றைத் தொடவில்லை. கம்பளத்தின் ஒற்றை நூலைக் கவ்விக்கொண்டு சுழன்றது, நூல் முனையில் சுற்றி உருண்டையாகத் திரண்டது, இயந்திரம் முனகியது, படியின் விளிம்புவரை ஒரு நேர்கோட்டில் கம்பளம் மயிர் உதிர்ந்து மொட்டையாயிற்று. தவிர, அடியில் மெத்து இருந்தால் மேலே பலகை ஒவ்வொரு மிதிக்கும் சற்றுத் தாழ்ந்து எழும். திருகு மெல்ல மெல்ல இளகும். கம்பளம் உரிக்கப்பட்டது. அடியில் காய்ந்த பசையும் ஒரு சிரட்டை அளவு கடல் மணலும் கண்டெடுக்கப்பட்டன. அன்றிரவு ஒரு பொலித்தீன் தாளைக் கீழ்ப்படியில் நாலு பக்கமும் ஒட்டிவைத்தோம். காலையில் தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தது. கொங்கிறீற் இன்னும் ஈரம் விடுகிறது, மரத்தை உடனே வைத்தால் வளையும் என்று பொருள். 1950இல் இலங்கையின் முதல் சீமெந்து ஆலை எழுந்த ஊரில் இருந்துகொண்டு சீமெந்தின் குணத்தைப் பொலித்தீனிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. அந்த ஆலையும் 1990இல் நின்றது. எங்கள் ஊரில் 1990இல் நிற்காதது எது?

மர காண்டம்

யாழ்ப்பாணத்தாரின் சொத்தை வகைப்படுத்துவது எளிது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, நாட்டு வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்து, பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்து எழுதிவைத்த தேசவழமை இருக்கிறது. அதன்படி சொத்து மூவகை: பெற்றோர் வழி வருவது முதுசம்; பெண்ணோடு வருவது சீதனம்; கலியாணத்துக்குப் பின் தேடியது தேடிய தேட்டம். நிலத்துக்கும் நகைக்கும் பொருந்தும் இவ்வகைப்பாட்டைத் துண்டுப் பலகைக்கும் பொருத்திப் பார்ப்பதே இவ்வாய்வின் புதுமை.

முதுசம் எனப்படுவது என் தகப்பனார் வீட்டு இடிபாட்டில் கிடைத்த மரம். 1990 ஜூனில் யுத்தத்தால் எங்கள் வலிகாமம் வடக்கு எழும்பிப் போனது. பிறகு நிலம் துண்டுதுண்டாக விடப்பட்டது. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாகக் கூடக் கடதாசி ஒட்டினார்கள். சனம் நீதிமன்றம் போயிற்று. கடைசியில் எங்கள் வளவுக்குள் நுழைந்தபோது ஓடு இல்லை, கைமரம் இல்லை, கதவு யன்னல் இல்லை. கழற்றியது யார் என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. சுவருக்குள் புதைந்து கிடந்ததால் கழற்றச் சோம்பல்பட்டு விட்டுப்போன மரங்கள் மட்டும் மிஞ்சின: நிலைக்கட்டையின் அடி, தீராந்தி நுனி, யன்னல் மேற்கட்டை. இருபது வருடத்துக்கு மேலாகக் கறையான் அவற்றுக்குப் பரீட்சை வைத்திருந்தது. மாமரமும் தென்னையும் முதல் வருடமே தோற்றிருக்கவேண்டும், சுவடே இல்லை. பாலையும் முதிரையும் பனையின் வைரமும் சித்தியடைந்திருந்தன. தண்ணீரில் போட்டால் தாழ்ந்துபோகும் கனம் பாலைக்கு. முதிரை அறுக்கும்போது இளமஞ்சளாய் மினுங்கும். வன்னிக் காட்டுச் செல்வம். பனையைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக் கூரையைத் தாங்கியது அதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் வீரமெல்லாம் வெளிவட்டத்தில். உள்ளே போகப்போகச் சோற்றி. போதாக்குறைக்குக் கறுத்த நார், வெறுங்காலைக் கண்டால் சிராம்பாய் ஏறும். பனை கைபிடிக்கும் ஆகாது, காலடிக்கும் ஆகாது. தலைக்கு மேலேயே இருக்கட்டும் என்று ஆசாரியார் அதைத் திருப்பி அனுப்பினார்.

சீதனம் சிக்கலானது. இந்த வளவு என் மனைவியின் சீதனம்; இங்கிருந்த பழைய வீடு மாமியின் சீதனம். அந்த வீட்டு யன்னற் கதவுகள் தேக்கு. இடம்பெயர்ந்து சில வருடங்கள் கழித்து, அரிசி வாங்கப் போன மாமி ஒரு மரக்காலை வாசலில் தன் முன்னறை யன்னற் கதவுகள் சாத்திவைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். பென்சிலால் உயரம் குறித்த கோடுகள் உட்புறத்தில் இருந்தன. மச்சானுக்கு ஐந்து வயதில், ஏழு வயதில். மரக்காலைக்காரரோடு வாதாட மாமி நிற்கவில்லை. விலை கேட்டார், பேரம் பேசினார், சொந்த யன்னலைக் காசு கொடுத்து வாங்கினார். இப்போது கேள்வி: இது சீதனமா, தேடிய தேட்டமா? சீதனமென்றால் அது மாமியுடையது மட்டும். காசு மாமனாருடையதாதலால் தேடிய தேட்டமென்றால் பாதி அவருக்கு. மாமனார் தன் பாதியைக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்வது ஆய்வொழுக்கம்.

இன்னொரு நுட்பம். யன்னல் சுவரில் இருக்கும்வரை அது வீட்டின் பகுதி, அசையாச் சொத்து. கழற்றியதும் அசையும் சொத்து. அதைப் பலகையாக்கிப் படியில் திருகிவிட்டால் மீண்டும் அசையாச் சொத்து. தேசவழமையிலுள்ள முற்கொள்வனவு உரிமை, அதாவது காணியை வெளியாருக்கு விற்கும் முன் உரித்தாளரைக் கேட்கவேண்டும் என்ற விதி, அசையாச் சொத்துக்கே உரியது. எனவே உரிமையுள்ளவர் வழக்குப் போடுவதானால் யன்னல் சுவரை விட்டு நீங்குமுன்னோ, படியில் ஏறிய பின்னோதான் போடலாம். இடையில், மரக்காலை வாசலில் சாத்திக் கிடந்தபோது, சட்டம் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. எங்களிடம் உறுதி இருந்தது, வீடு இருக்கவில்லை. மரத்துக்கு ஒன்று மாறி ஒன்றாக வீடு இருந்தது, உறுதிதான் இருக்கவில்லை.

தேடிய தேட்டத்தில் அடங்குவன மரக்காலையில் நிறைக்கு வாங்கிய துண்டுகளும் சிலிப்பர் கட்டைகள் இரண்டும். வடக்கு ரயில்பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையாய் ஓடத் தொடங்கி, 1956இல் யாழ்தேவியைப் பெற்று, 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்த ஒரு விடயத்திலேனும் போரிட்ட இரு தரப்பும் ஒரே கருத்தோடு இருந்தன. 2015 ஜனவரியில் ரயில் திரும்பி வந்தபோது கொங்கிறீற் சிலிப்பரின் மேல் வந்தது. மரத்தைக் கேட்டு எவரும் வரவில்லை. சிலிப்பரின் வைரத்தைக் கண்டு எனக்கு ஆசை பிறந்தது. ஆசாரியார் ஒரு மூலையை இழைத்து என் மூக்கருகே நீட்டினார். தார் போன்ற கடும் நெடி. பூச்சி அரிக்காமலிருக்க ஊட்டிய கிரியோசோட் எண்ணெய் அத்தனை வருடம் கழித்தும் உள்ளே இருந்தது. வெயில் பட்டால் கசியும். தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. வீட்டுக்குள் வைக்கும் மரமல்ல. அவை இப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லுக்கும் எட்டத் தள்ளி, பூக்கன்றுகளுக்கு வரம்பாகக் கிடக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் ரயில் தெரியாது, கேட்கும்.

ஆசாரியார் எந்தத் துண்டையும் உளியால் தொடுமுன் காந்தத்தால் தடவுவார். பழைய ஆணிக்காக என்று நினைத்தேன். ஆணி ஒரு பங்குதான். எறிகணைச் சன்னங்கள் மரத்துக்குள் இருக்கும். ஒன்று பட்டால் சீவுளி அலகு பல்லுப் போகும், மரக்காலை வாள் அறுந்து பறக்கும். வடக்கில் மரம் அரிபவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். செம்பையும் ஈயத்தையும் அது காட்டாது. அதற்குக் கண் வேண்டும். முதிரைப் பலகை ஒன்றைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். மஞ்சள் மரத்தில் ஓர் ஓட்டை. அதைச் சுற்றி நீலமும் கறுப்புமாய் ஒரு வளையம். வளையத்திலிருந்து மர ரேகையோடு ஓடிய கறுத்த வால். மரத்துச் சாறும் இரும்புக் கறளும் ஈரத்தில் கலந்து எழுதும் மை அது. அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் காய்ச்சினார்கள். மையிருந்தால் இரும்பு. மையில்லாத ஓட்டை என்றால் வண்டு, அல்லது வேறு ஏதோ.

இந்த ஓட்டைகளைக் குறித்துச் சர்வதேச அளவில் ஒரு கருத்து முரண்பாடு எழுந்தது. கம்பளம் போனதையிட்டு மச்சான் வருந்துவார் என்று பயந்து செய்தியைச் சொன்னோம். அவர் துள்ளிக் குதித்தார். லண்டனில் புது மரத்தைவிடப் பழைய மரத்துக்குத்தான் மதிப்பாம், விலையும் கூடவாம். "அத்தான், அந்த ஆணி ஓட்டையளை மட்டும் மூடிப்போடாதேங்கோ. அதிலைதான் வடிவே இருக்கு." இதை ஆசாரியாரிடம் தெரிவித்தேன். அவர் உளியைக் கீழே வைத்தார். "மாஸ்டர், ஓட்டையை அப்பிடியே விட்டால் பார்க்கிறவை என்ன சொல்லுவினம்? எனக்கு வேலை தெரியாதெண்டு சொல்லுவினம்." மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டைகளை அடைத்தார். வீடியோவில் மச்சானுக்குக் காட்டவென்று மூன்றாம் படியில் மட்டும் இரண்டை விட்டுவைத்தார். அவ்விரண்டும் வண்டு துளைத்தவை.

மறுபடியும் பொருட்பாகுபாட்டுக்கு வருவோம். சாமியறைக் கதவின் சட்டம் ஒன்றும் குவியலில் இருந்தது. அதன்மேல் கால் படாது என்பதில் எக்கட்சிக்கும் மறுப்பில்லை. ஆனால் சாதாரணக் கதவு நிலை? நிலை வைக்கும்போது நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டித்தான் வைக்கிறோம். அதன் பலகையை மிதிக்கலாமா? வீடு இடிந்ததும் நிலையின் தெய்வீகம் நீங்கிவிட்டது என்பார் ஒருசாரார். குங்குமக் கறை இன்னும் தெரிகிறதே என்பார் மறுசாரார். ஆசாரியார் நடுவழி கண்டார். நிலைக்கட்டைகளை மிதிக்கும் பலகையாக்காமல், படியின் நேர்முகத்தில் செங்குத்தாகப் பதித்தார். அங்கே கால் மிதிக்காது. பெருவிரல் மட்டும் சிலவேளை முட்டும். அது தோப்புக்கரணக் கணக்கில் சேரும் என்று மாமனார் தீர்ப்பளித்தார். அவர் இவ்வாய்வு முழுவதிலும் சொன்ன ஒரே கருத்து அது.

தவில் விதி

இனி இவ்வாய்வின் உயிர்நிலை. படியை மரத்தால் மூட நினைக்கும் பலரும் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை, கவனியாதவர் விழுகின்றனர்.

ஒவ்வொரு படியின்மேலும் ஓர் அங்குலப் பலகை வைத்தால் எல்லாப் படியும் ஓர் அங்குலம் உயரும், ஆகவே எதுவும் மாறாது என்று தோன்றும். நடுவில் மாறாதுதான். முதற்படி தரையிலிருந்து 8 அங்குலமாகிவிடும், ஏனெனில் தரை உயரவில்லை. கடைசிப் படியிலிருந்து மேல்மாடித் தளம் 6 அங்குலமாகக் குறைந்துவிடும், ஏனெனில் மேல்தளமும் உயரவில்லை. ஒரே ஏணிப்படியில் இரண்டு அங்குல வேறுபாடு. அமெரிக்க வீட்டுக் கட்டட விதி ஒரு படிவரிசையில் மிகப் பெரிய உயரத்துக்கும் மிகச் சிறியதற்கும் இடையில் எட்டில் மூன்று அங்குலத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. காரணம் கணிதமல்ல, கால். முதல் இரண்டு படியில் கால் உயரத்தைப் படித்துவிடும். பிறகு கண்ணைக் கேட்காது. பதினேழாம் படியைத் தாண்டியதும் 7 அங்குலத்தை எதிர்பார்த்துத் தூக்கிய கால் 6இல் நிலத்தைக் கண்டு தடுமாறும். இறங்கும்போது அடியில் இன்னும் மோசம்: தரை வந்துவிட்டது என்று வைத்த கால் ஓர் அங்குலம் அந்தரத்தில் போகும். கையில் தேத்தண்ணீர்த் தட்டு இருந்தால் முழு வீட்டுக்கும் தெரியவரும்.

தரையை ஓர் அங்குலம் உயர்த்துவதே முறையான பரிகாரம். நானும் அதைத்தான் முன்மொழிந்தேன். படியடியில் கூடத்தை உயர்த்தினால் கூடத்துக்கும் விறாந்தைக்கும் இடையில் ஓர் அங்குலத் தடை உண்டாகும். விறாந்தையை உயர்த்தினால் திண்ணை. திண்ணையை உயர்த்தினால் முற்றம். முற்றத்தை உயர்த்தினால் மாரி வெள்ளம் பக்கத்து வளவுக்குள் போகும்; அதைத் தடுக்க ஒழுங்கையை உயர்த்தவேண்டும்; ஒழுங்கை சேரும் இடமோ கே.கே.எஸ். வீதி. யாழ்ப்பாண நகரிலிருந்து வரும் அவ்வீதி முழுவதையும் ஓர் அங்குலம் உயர்த்த வீதி அபிவிருத்தி அதிகாரசபையைக் கேட்பதா என்ற கட்டத்தில் மனைவி குறுக்கிட்டு என் கையிலிருந்த பென்சிலை வாங்கிவைத்துவிட்டார்.

தீர்வு குவியலுக்குள்ளேயே இருந்தது. புதுப்பலகை என்றால் எல்லாம் ஒரே தடிப்பில் வரும். அதுவே அதன் குறை. பழைய துண்டுகள் ஒன்றுபோல் ஒன்றில்லை. யன்னற் கதவுப் பலகை கால் அங்குலத்துக்குச் சீவலாம். அலுமாரிப் பக்கம் அரை அங்குலம். முதிரையும் பாலையும் ஓர் அங்குலம் தாராளமாக நிற்கும். எனவே முதற்படிக்குக் கால் அங்குலப் பலகை, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு முக்கால், நான்காவதிலிருந்து பதினான்காவது வரை ஓரங்குலம், பிறகு அதேபோல் இறங்குமுகமாக முக்கால், அரை, கால். இப்படி வைத்தால் தரையிலிருந்து ஏறும் முதல் நான்கு ஏற்றமும் ஏழேகால். நடுவில் பத்து ஏற்றமும் 7. மேலே நான்கும் ஆறேமுக்கால். மொத்தம் பதினெட்டு ஏற்றம், 126 அங்குலம். கூட்டிப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். பெரியதற்கும் சிறியதற்கும் வேறுபாடு அரை அங்குலம். அமெரிக்க விதிக்கு அரைக்கால் அங்குலம் கூடத்தான். காங்கேசன்துறை அமெரிக்காவில் இல்லை. கால் அங்குலம் கால் அங்குலமாக மாறுவதைக் கால் உணராது, உணர்ந்தாலும் மன்னிக்கும். இரு தலையும் ஒடுங்கி இடை பருத்துத் தவில்போல் அமைவதால் இதற்குத் தவில் விதி என்று பெயரிடுகிறேன். அளவெட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. தவில் வித்துவான்கள் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

விதி கணிதத்தில் நின்றது, குடும்பத்தில் சற்று ஆடியது. மெல்லிய பலகை எல்லாம் மாமியின் யன்னல். அவை வந்து விழுந்த இடம் அடிப்படிகள். "அப்ப என்ரை யன்னலிலைதான் எல்லாரும் முதல் கால் வைக்கவேணுமோ?" என்று மாமி கேட்டார். அந்த வினாவின் எடை பாலை மரத்தின் எடைக்குச் சற்றும் குறைந்ததல்ல. "ஏறி முடியிறதும் உங்கடை யன்னலிலைதான், மாமி. நடுவிலைதான் எங்கடை முதுசம்" என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். மாமி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பென்சில் கோடு உள்ள பலகை மேல்படிக்கு வரவேண்டும், கோடு அழியாமல் அடிப்பக்கமாக வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு உடன்பட்டார். ஐந்து வயது மச்சானின் உயரம் இப்போது பதினேழாம் படிக்கு அடியில், பசையோடு கிடையாகக் கிடக்கிறது.

எஞ்சிய வேலை எஞ்சிய வேலைதான். இரும்புத் திருகு கடற்காற்றில் கறள் பிடிக்கும் என்பதால் பித்தளை. திருகுத்தலை தெரியாமல் அதே மரத்து ஆப்பு. மரம் மாரியில் விரிந்து கோடையில் சுருங்குமாதலால் சுவரோரம் ஒரு நூல் இடைவெளி. வானிஷ் மினுங்கலாகப் பூசவேண்டும் என்று மாபிள் வாதிகள் கடைசி முறையாக ஒரு முயற்சி செய்தார்கள். மங்கல் வானிஷ் பூசினோம், அதனால்தான் இன்னும் எல்லோரும் சுகம். நாய் ஒருநாள் முழுக்க ஐந்தாம் படியை மணந்து பார்த்துவிட்டுக் கம்பளத்தைத் தேடி ஆட்டுக்கொட்டிலுக்குக் குடிபெயர்ந்தது.

வழக்குப் படலம்

ஆய்வு முடிந்ததென்று எழுத இருந்த நிலையில் பக்கத்து வளவுக்காரர் திரும்பி வந்தார். மல்லாகத்தில் முகாம், பிறகு வாடகை வீடு, பிறகு மகனோடு வவுனியா என்று சுற்றி, விடுபட்ட காணியில் வீட்டுத்திட்டக் காசில் இரண்டு அறை எழுப்பிக்கொண்டிருக்கிறார். வயதில் மாமிக்கு மூத்தவர். மாமி அவரை அக்கா என்பார், நானும் மரியாதைக்கு அக்கா என்றே சொல்வது. மாடியில் காயப்போட்ட மிளகாயைப் பார்க்க மாமியோடு ஏறினார். ஏறியவர் ஒன்பதாம் படியில் நின்றார். குனிந்தார். பலகையில் கையை வைத்தார்.

அந்தப் பலகை தேடிய தேட்டம், மரக்காலையில் வாங்கியது. பழைய யன்னலின் கீழ்க்கட்டை. கம்பிகள் இறங்கிய வட்டத் துளைகளை ஆசாரியார் அடைத்திருந்தார். ஒரே இடைவெளியில் நான்கு துளை. ஐந்தாவது மட்டும் இடம் தவறி, அரை அங்குலம் உள்ளே.

"இது எங்கடை நடு அறை யன்னல்," என்றார் அக்கா. "இந்த ஓட்டையை ஆசாரி பிழையாய்ப் போட்டதெண்டு இவர் அண்டைக்கு அவரோடை சண்டை பிடிச்சவர். கம்பி சரிஞ்சு நிண்டது. அதாலைதான் பூனை வந்து போகும்."

சட்டப்படி பார்த்தால் பலகை இப்போது எங்கள் படியில் திருகப்பட்ட அசையாச் சொத்து. வாங்கியதற்குத் துண்டு கிடையாது. மரக்காலையில் துண்டுக்குத் துண்டு தருவதில்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் தவில் விதிப்படி நடுவில் ஓர் அங்குலம் பள்ளமாகும். இதை எப்படி விளக்குவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில் மாமி கேட்டார்: "கழற்றித் தரட்டோ அக்கா?"

"எனக்கேன் இப்ப ஒரு கட்டை? கிடக்கட்டும்." அக்கா இரண்டு படி ஏறி மீண்டும் நின்றார். "என்ரை குசினிக்கு மகன் ஒரு பழைய கதவு வாங்கிப் போட்டிருக்கிறான். சுன்னாகத்திலை வாங்கினது. முதிரைக் கதவு. மேலை ஒரு குதிரைலாடம் அடிச்சிருந்த அடையாளம் கிடக்கு. உங்கடை பழைய வீட்டு முன் கதவிலை லாடம் இருந்ததெல்லோ?"

இருந்தது. மாமி ஏறாமல் இறங்கினார். வருகிற ஞாயிறு எல்லோருமாய்ப் போய்ப் பார்ப்பதென்று ஏற்பாடு. காந்தத்தையும் மூலைமட்டத்தையும் கொண்டுவரும்படி ஆசாரியாருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறது. கதவு எங்களுடையதென்று உறுதியானால், அது முதுசமா, சீதனமா, அக்காவின் மகனுடைய தேடிய தேட்டமா என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.